தொப்பிச் சத்தம் எங்கே போகிறது? இசைத்தட்டைக் கணினியில் ஏற்றும் கதை

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசும் வீடுகளின் பரணில் இன்னும் இசைத்தட்டுகள் கிடக்கின்றன. தமிழ் சினிமாப் பாட்டு இ.பி.க்கள் (சிறிய தட்டுகள்), மலையாள எல்.பி.க்கள் (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டுகள்), அதிர்ஷ்டம் இருந்தால் கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதரின் 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய வகை) ஒன்று. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்காருகிறவர்கள் பலருக்கும் வரும் புகார் ஒன்று உண்டு. பாட்டு வருகிறது, ஆனால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடியது போல வருகிறது. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று கேட்கிறது, கனத்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியைக் காணோம்.

தட்டின் மேல் குற்றமில்லை. பாட்டைத் தட்டில் பள்ளமாக வெட்டும்போதே அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள்.

தட்டை வெட்டும் ஊசி, ஒலிக்கேற்ப இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போகும். ஒலியின் அதிர்வெண் குறையக் குறைய அந்த ஆட்டம் அகலமாகும். தொப்பியின் ‘தொம்’மை உள்ளபடியே வெட்டினால் ஊசி பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். இடிக்காமலிருக்க வரிகளைத் தள்ளித் தள்ளி வெட்டினால், எல்.பி.யின் ஒரு பக்கத்தில் 20 நிமிடம் கொள்ளாது. மேல் ஸ்தாயியில் பிரச்சினை நேர்மாறு. அங்கே ஆட்டம் மிகச் சிறியது, தட்டின் இரைச்சலோடு அமுங்கிவிடும். ஆகவே வெட்டும்போது கீழ் ஒலிகளைக் குறைத்து, மேல் ஒலிகளைக் கூட்டிவிடுகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்புகையில் மேல் ஒலியோடு சேர்ந்து இரைச்சலும் குறைகிறது என்பது கூடுதல் லாபம்.

இந்தக் கூட்டல் கழித்தலுக்கு 1954 முதல் ஒரு பொது அளவு உண்டு, அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கத்தின் பெயரால் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்பார்கள். 1000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால் 20 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய 20 டெசிபல் கீழே, 20,000 ஹெர்ட்ஸ் அதே அளவு மேலே. போனோ ப்ரீஆம்ப் என்ற சின்னப் பெட்டியின் வேலை இதைத் திருப்புவதுதான். கூடவே, முள்ளின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் கேட்ரிட்ஜ் காந்த வகையாக இருந்தால் அது தரும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கும் அளவுக்குப் பெருக்கியும் கொடுக்கும். இந்தப் பெட்டி இல்லாமல் நேராகச் செருகினால் தொப்பி காணாமல் போகத்தான் செய்யும்.

பழைய சூட்கேஸ் பிளேயர்களிலும் ரேடியோகிராம்களிலும் பெரும்பாலும் செராமிக் கேட்ரிட்ஜ் இருக்கும். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், வளைவையும் ஓரளவு தானே சரிக்கட்டிவிடும், ப்ரீஆம்ப் வேண்டாம். ஆனால் அதன் முள் தட்டை அழுத்தும் எடை 5 கிராமைத் தாண்டலாம். புது காந்த வகைக்கு 2 கிராம் போதும். அரிய தட்டை செராமிக்கில் ஓட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

78 தட்டு தனி ஜாதி. எல்.பி. முள்ளின் நுனி அதன் அகலமான பள்ளத்தின் அடியில் போய் உராயும். ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்த முள் தேவை. 1954-க்கு முந்தைய தட்டுகளில் வளைவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஆர்.ஐ.ஏ.ஏ. போட்டால் பாட்டு மந்தமாகக் கேட்கலாம். அப்புறம், அவை அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், சானிட்டைசர் தொட்ட துணியைக்கூடக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் உறைக்குள் பூத்த பூஞ்சையை, வடித்த நீரும் ஒரு துளி மென்சோப்பும் சேர்த்துத் துடைத்தாலே போகும். லேபிளில் மட்டும் ஈரம் படக்கூடாது.

கம்ப்யூட்டரின் பங்கு இவ்வளவுக்கும் பிறகுதான் வருகிறது, அது சுலபமான பங்கு. லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை பெரும்பாலும் ஹெட்செட்டுக்கானது, அது உள்ளே வாங்குவது மைக்கை மட்டும்தான். ஒலியை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டியான யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், டர்ன்டேபிளின் எர்த் வயரை ப்ரீஆம்பில் இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்தால் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை பிடிபடும். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுட்பமாக எழுதுவது என்பதைப் பிட் கணக்கு சொல்லும். எல்.பி.க்கு 16 பிட் போதும், ஆனாலும் 24 பிட்டில் பதியுங்கள். உச்சச் சத்தம் (0 தான் எல்லை) −6 டெசிபலில் நிற்கும்படி தாராளமாக இடம் விடலாம். உச்சியில் வெட்டுப்பட்ட அலையை எந்த மென்பொருளாலும் உள்ளபடியே மீட்க முடியாது.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குத் தாராளம். அதில் ‘கிளிக்’ நீக்கும் வசதி, திடீரென்று எழுந்து விழும் கூரான முனைகளைத் தேடிப்பிடித்து, அக்கம்பக்கத்து அலையை வைத்து அந்த இடத்தை நிரப்புகிறது. வலந்தலையில் விழும் ‘நம்’மும் கூரான முனைதான்! அளவை அதிகம் வைத்தால் கீறலோடு தனி ஆவர்த்தனமும் தேய்ந்துவிடும். கொஞ்சம் கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி. 78-க்கு வேறொரு வழி உண்டு. அது மோனோ என்பதால் இடது வலது இரண்டையும் கூட்டி ஒன்றாக்குங்கள். இடவல ஆட்டமான பாட்டு நிற்கும், முள் மேலும் கீழும் குதிக்கும் இரைச்சல் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எதைச் செய்தாலும் கை வைக்காத முதல் பதிவை ஃப்ளாக் (FLAC) கோப்பாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். 44,100-லும் 16 பிட்டிலும் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும், ஃப்ளாக் தரம் குறையாமல் அதைச் சுருக்கும்.

வேகத்தைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஏறக்குறைய 6 சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை நகரும், கச்சேரித் தட்டில் அது பெரிய விஷயம். 180 கோடுகள் போட்ட வட்டத்தாளைத் தட்டின் மேல் வையுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். வேகம் சரியாக எல்.பி.க்கு உரிய நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் கோடுகள் நின்றதுபோலத் தெரியும், வேகம் கூடினால் முன்னே, குறைந்தால் பின்னே நகரும். பல எல்.ஈ.டி. பல்புகளில் இந்த மினுக்கல் சரியாக வராது. ஒரு குண்டு பல்பைத் தேடி மாட்டிக்கொள்ளுங்கள்.