2, 4, 6க்குப் பிறகு என்ன கேட்பது?

சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தொடக்கநிலை 3இல் படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி, எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்பவள். "சிந்தனைத் திறன் கற்றுத் தருகிறோம் என்று நிறைய செறிவூட்டல் வகுப்புகள் விளம்பரம் செய்கிறார்கள். சிந்திப்பதைக்கூடச் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும் என்றால், பிள்ளையின் மூளைக்குள் அப்படி என்னதான் மாறுகிறது?"

கேள்வி வந்த நேரமும் பொருத்தமானது. ஜிஇபி என்று நாம் சொல்லும் மீத்திறன் மாணவர் கல்வித் திட்டம் 1984இல் தொடங்கியது. தொடக்கநிலை 3இல் தேர்வு வைத்து, மேல்நிலையில் இருந்த ஏறக்குறைய 1 விழுக்காட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி, சில பள்ளிகளில் தனி வகுப்பில் உட்காரவைத்தார்கள். அந்த ஏற்பாடு முடிவுக்கு வருகிறது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன்னிடம் உள்ள மீத்திறன் பிள்ளைகளைத் தானே கவனிக்கும். மேலும் வேண்டியவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு 15 நிலையங்களில் பாடத் தொகுதிகள் நடக்கும். 2024இல் தொடக்கநிலை 1இல் சேர்ந்தவர்கள்தான் முதல் அணி. எனக்கு இதில் மகிழ்ச்சியே. ஒன்பது வயதில் ஒரு தேர்வை வைத்து "நீ அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம்" என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை.

திறமை என்றால் என்ன என்பதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜோசப் ரென்சுலி 1978இல் மூன்று வளையங்கள் வரைந்தார்: சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையை விடாமல் செய்யும் பிடிப்பு. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் பெரிய காரியங்கள் நடக்கின்றன என்றார். மீத்திறன் பிள்ளைகளிடம் பயிற்சித்தாளுக்குப் பதில் ஒரு திட்டப்பணியைக் கொடுத்து, "நீயே கேள்வி கண்டுபிடி" என்று விடுவதற்குப் பின்னால் இருப்பது இந்த எண்ணம்தான்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. கேள்வி கண்டுபிடித்த பிள்ளை, அதற்குத் தானே ஒரு விடையும் ஊகித்துவிட்டாள் என்று வையுங்கள். அந்த ஊகம் சரியா என்று எப்படிச் சோதிப்பாள்?

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு விளையாட்டு விளையாடினேன். "என் மனசுல ஒரு விதி இருக்கு. 2, 4, 6 அந்த விதிக்குப் பொருந்தும். நீங்க வேற மூணு எண் சொல்லுங்க. பொருந்துமா பொருந்தாதான்னு சொல்றேன். விதி என்னன்னு உறுதியாத் தெரிஞ்ச பிறகு சொல்லுங்க."

"8, 10, 12."

"பொருந்தும்."

"20, 22, 24!"

"பொருந்தும்."

"100, 102, 104!"

"அதுவும் பொருந்தும்."

தொடக்கநிலை 5 படிக்கும் பையன் எழுந்தே நின்றுவிட்டான். "அங்கிள், இரட்டை எண்ணா இருக்கணும், ரெண்டு ரெண்டாக் கூடணும்!" இல்லை என்றேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று முறை கேட்டான், மூன்று முறையும் பொருந்தியது, பிறகு எப்படித் தவறாகும்?

உண்மையான விதி மிகச் சாதாரணம்: எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1, 7, 500 கூடப் பொருந்தும்.

இது என் கண்டுபிடிப்பில்லை. லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனை. அவர் சோதித்தது பல்கலைக்கழக மாணவர்களை. 29 பேரில் 6 பேர்தான் முதலில் அறிவித்த விடையிலேயே விதியைச் சரியாகச் சொன்னார்கள். ஆகவே எங்கள் கீழ்த்தளத்துப் பையனுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏன் இப்படி ஆகிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதைவிட அழகான ஒரு பொறியமைப்பை நான் உளவியலில் கண்டதில்லை.

தீவு முழுவதும் மழை பெய்கிறது என்று வையுங்கள். நீங்களோ "தேக்காவில் மட்டும்தான் மழை" என்று நினைக்கிறீர்கள். சோதிக்க என்ன செய்கிறீர்கள்? சிராங்கூன் சாலையில் போய்ப் பார்க்கிறீர்கள், ஈரம். பஃபலோ சாலை, ஈரம். ரேஸ்கோர்ஸ் சாலை, அங்கேயும் ஈரம். நூறு சந்துகளைப் பார்த்தாலும் உங்கள் ஊகம் பொய்யென்று ஒரு சந்துகூடச் சொல்லாது. உங்கள் நம்பிக்கையோ ஒவ்வொரு சந்துக்கும் ஒரு படி ஏறும். நீங்கள் செய்ய வேண்டியிருந்தது, ஜூரோங்கில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு போன். அந்த ஒரு போனில் "மட்டும்" என்ற சொல் உடைந்திருக்கும்.

"இரண்டிரண்டாகக் கூடும் இரட்டை எண்கள்" என்பது தேக்கா. "ஏறுவரிசை" என்பது முழுத் தீவு. சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள் முழுக்க அடங்கிக் கிடக்கிறது. சின்ன வட்டத்துக்குள்ளிருந்து எதை எடுத்துக் கேட்டாலும் "ஆம்" என்ற பதில்தான் வரும், வேறு பதில் வர வழியே இல்லை. அந்த "ஆம்"கள் பொய்யில்லை, ஆனால் அவற்றால் ஊகத்தின் எல்லையைத் தொட முடியாது.

இதையே திருப்பிப் போடுங்கள். மழை தேக்காவில் மட்டும், நீங்கள் நினைப்பதோ தீவு முழுவதும். இப்போது உங்கள் ஊகத்துக்கு உள்ளேயே கண்ட இடத்துக்குப் போன் போட்டால் போதும். ஈசூனில் வெயில் என்று முதல் போனிலேயே தெரிந்துவிடும். ஆக, தன் ஊகத்துக்குப் பொருந்தும் உதாரணத்தைத் தேடுவது முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. சில நேரம் அதுவே சிறந்த வழி. உண்மை நம் ஊகத்தைவிடப் பெரிதாக இருக்கும்போதுதான் அது காலை வாரிவிடும். ஜோஷுவா கிளேமன், யங்-வோன் ஹா என்ற இருவர் 1987இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த விளக்கத்தை முதல்முறை படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

கீழ்த்தளத்துக்கு வருவோம். பெரிய பிள்ளைகள் நால்வரும் விழிபிதுங்கி நிற்க, அவர்களில் ஒருத்தியின் தம்பி, ஏழு வயது, "6, 4, 2" என்றான். பொருந்தாது என்றேன். அக்கா அவனை அதட்டினாள், "தப்பாச் சொல்லாதடா!" ஆனால் அன்று மேசைமேல் வந்து விழுந்த முதல் பயனுள்ள தகவல் அதுதான். நன்றாக மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்கு "இல்லை" என்ற சொல் சிவப்புப் பேனாவின் பெருக்கல் குறிபோலத் தெரிகிறது. அதைத் தவிர்க்கவே பள்ளியில் பழகியிருக்கிறார்கள். அந்தத் தம்பிக்கு இன்னும் அந்தப் பயம் வரவில்லை.

இந்தப் பயத்தைப் போக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஓஹாயோவில் ரயன் ட்வினியும் அவர் குழுவினரும் 1980இல் அதே சோதனையை ஒரு சின்ன மாற்றத்தோடு நடத்தினார்கள். "பொருந்தும், பொருந்தாது" என்று சொல்வதற்குப் பதில், "என்னிடம் இரண்டு விதிகள் உண்டு. ஒன்றின் பெயர் டாக்ஸ், இன்னொன்று மெட். 2, 4, 6 டாக்ஸ் வகை. இரண்டையும் கண்டுபிடியுங்கள்" என்றார்கள். மெட் என்பது வேறொன்றுமில்லை, டாக்ஸுக்குப் பொருந்தாத எல்லாமும்தான். ஆக, கணக்கு அதேதான், பெயர்தான் வேறு. ஆனால் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னவர்கள் 60 விழுக்காட்டினர்!

"இல்லை" என்ற பதிலுக்கு ஒரு பெயர் கிடைத்ததும் அதுவும் தேடவேண்டிய பொருளாகிவிட்டது. நானும் மறுநாள் பிள்ளைகளிடம் வேறொரு விதியை வைத்து, டாக்ஸ், மெட் என்று சொல்லி விளையாடிப் பார்த்தேன். "மெட்!" என்று கேட்டதும் கைதட்டினார்கள்.

சிந்திப்பதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். ஓரளவு முடியும். 1999இல் சே சென், டேவிட் கிளார் இருவரும் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள்: சோதிக்கும்போது ஒன்றை மட்டும் மாற்று, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வை. சுருள்வில், சாய்தளத்தில் உருளும் பந்து, நீரில் மூழ்கும் பொருள் என்று பல சாமான்கள். தெளிவாக விளக்கிச் சொன்னபோது பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஏழு மாதம் கழித்து, முற்றிலும் வேறான கேள்விகளில் அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தியவர்கள் அவர்களில் மூத்த பிள்ளைகள் மட்டுமே. எட்டு வாரத்தில் சிந்தனைத் திறன் என்று விளம்பரம் வந்தால் இதை நினைவில் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து என்ன மிஞ்சுகிறது என்று நம் பிள்ளைகளையே தொடர்ந்து பார்த்து ஆராய அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். தாய்மொழி வகுப்பில் தமிழிலேயே இப்படிப்பட்ட விளையாட்டுகளை நடத்தினால் என்ன நடக்கும் என்பதையும் அந்த ஆய்வில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் தொடக்கநிலை 6 இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் மதிப்பெண் கூடும் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்குகிறார்கள். பெயரை மாற்றினார்கள், மதிப்பெண் கூடியது என்று நாலு பேரைக் காட்டுவார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியாததா? பெயரை மாற்றியும் கூடாதவர்கள் எத்தனை பேர்? மாற்றாமலே கூடியவர்கள்? ஜூரோங்குக்குப் போடவேண்டிய அந்த போனை யாரும் போடுவதில்லை. பயந்த பெற்றோரின் காசு அது என்பதால் எனக்குக் கோபம் வருகிறது.

பொங்கோல் அம்மாவுக்குச் செலவில்லாத ஒரு திட்டப்பணி சொல்கிறேன். பச்சைப்பயறு. எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி, தொடக்கநிலை 4, "வெளிச்சம் இருந்தாத்தான் பயறு முளைக்கும்" என்று ஊகித்தாள். ஈரப்பஞ்சு வைத்த இரண்டு கிண்ணம், ஒவ்வொன்றிலும் 20 பயறு. ஒன்றைச் சன்னலோரம் வைத்தாள், மற்றொன்றை இருட்டுக்காகக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தாள். மூன்று நாளில் சன்னல் பயறு முளைத்தது, பெட்டியில் இருந்தது அசையவில்லை. "பாத்தீங்களா அங்கிள்!"

"பெட்டிக்குள்ள இருட்டு மட்டும்தானா இருக்கு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மூன்றாவது கிண்ணத்தைத் துணி அலமாரிக்குள் வைத்தாள். இருட்டு உண்டு, குளிர் இல்லை. அதுவும் முளைத்தது, வெளிறிப்போய், சன்னல் பயறைவிட நெட்டையாக. அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது ஈரச்சந்தையில விக்கிற தௌகே மாதிரில்ல இருக்கு!" என்றார். ஆமாம், தௌகே என்னும் பயறுமுளையை இருட்டில்தான் வளர்க்கிறார்கள்.

சிறுமி அதோடு விடவில்லை. குளிரில் இருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது செத்துப்போச்சா, இல்ல தூங்குதா?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ள என்ன செய்யலாம் என்று நான் திருப்பிக் கேட்கும் முன்பே கிண்ணத்தைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, நோட்டில் இரண்டு வரி எழுதினாள். "தூங்குது என்று நினைக்கிறேன். ஐந்து நாளில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றால் நான் நினைத்தது தப்பு." இன்று மூன்றாவது நாள். காலையில் பள்ளிக்குப் போகும்முன் எண்ணிவிட்டுத்தான் போனாள்.