குத்தகை அன்று, வெளியொப்படைப்பு

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் தம் குறுந்தூரச் சேவைகளை வட்டார நிறுவனங்களுக்குக் ‘குத்தகைக்கு விட்டுள்ளன’ என்று எழுதும் வழக்கம் செய்தித் தமிழில் ஊறிவிட்டது. தன் வேலையை வெளியாரிடம் ஒப்படைத்துச் செய்விக்கும் இம்முறைக்கு ஆங்கிலப் பெயர் அவுட்சோர்சிங். வெளி, மூலம் என்று பொருள்படும் இரு சொற்களை ஒட்டி ஆங்கிலத்தார் ஆக்கிய அச்சொல் 1980-களில் வணிக உலகில் பரவியது. பிறப்பு அவ்வளவே, தமிழில் அது படும் பாடுதான் பெரிது.

குத்தகையில் நிலத்தை எடுத்தவர் உடையவருக்குப் பணமோ நெல்லோ அளக்கிறார். விளைந்தாலும் பொய்த்தாலும் அது எடுத்தவர் பாடு. இங்கே பணம் செல்லும் திசையே நேர்மாறு. யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகிய பெரிய நிறுவனங்கள்தாம் ஸ்கைவெஸ்ட் போன்ற வட்டார நிறுவனங்களுக்குப் புறப்பாட்டுக்கும் பறக்கும் நேரத்துக்கும் இவ்வளவு என்று கட்டணம் தருகின்றன. இத்தகைய ஒப்பந்தங்களில் கால அட்டவணை, டிக்கெட் விலை, பெரும்பாலும் எரிபொருள் செலவு ஆகியவை பெரிய நிறுவனத்தைச் சார்ந்தவை; இருக்கைகள் காலியாகக் கிடந்தால் நட்டமும் அதற்கே. விமானத்தின் வாலில் பெரிய நிறுவனத்தின் சின்னம் இருக்கும். விமானியின் சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருக்கும். பழகிய சொல் என்பதற்காகப் பொருளைத் தலைகீழாக்கலாமா?

அவுட்சோர்சிங்குக்கு வழங்கும் மற்றத் தமிழ்ச் சொற்களும் பொருந்தவில்லை. ‘புறமூலமாக்கல்’ என்பது அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் ஒட்டியது. வெளியே போவது வேலையே தவிர மூலம் அன்று. ‘அயலாக்கம்’ செவிக்கு இனிது என்றாலும், சேவையே அயலாருடையதாகிவிட்டது என்ற மயக்கத்தைத் தருகிறது. ‘வெளியொப்படைப்பு’ என்றால் ஒப்படைத்தவர் யார் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே நிற்கும்.

அக்கேள்வி வெறும் இலக்கண விவகாரம் அன்று. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே விழுந்து 50 பேரைப் பலிகொண்ட விமானம் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில் பறந்தது. இயக்கியதோ கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனம். அதன்பின் 2010-இல் வந்த சட்டம், விமானத்தை இயக்குபவர் யார் என்பதை டிக்கெட் விற்கும்போதே தெரிவிக்கவேண்டும் என்றது. அச்சட்டத்தின் வழியே 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் கட்டாயமாயிற்று.

எவ்வளவு பெரிய விமானம்வரை வெளியே கொடுக்கலாம் என்று விமானிகள் சங்க ஒப்பந்தங்கள் வரம்பு கட்டுகின்றன. யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் மூன்றிலும் அது 76 இருக்கைகள். ஆங்கிலத்தில் ஸ்கோப் (எல்லை) எனப்படும் அந்த விதியை ‘நோக்க விதி’ என்று பெயர்க்கும் கொடுமையும் நடக்கிறது. ‘ஒப்படைப்பு வரம்பு’ என்றாலே போதும்.