மைய விசை: சொல் விளக்கம்

சேலத்தில் ‘சென்ட்ரல்’ என்றால் ‘மத்திய’தான்: மத்திய சிறை, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி. இயற்பியலில் அதே சொல் ‘மைய’ ஆகிறது. சென்ட்ரல் ஃபோர்ஸ் என்பது மைய விசை. அசையாத ஒரு புள்ளியையும் பொருளையும் இணைக்கும் கோட்டின் வழியே மட்டும் செயல்படும் விசை இது. அளவு பெரும்பாலும் தொலைவை மட்டும் பொறுத்திருக்கும்.

இதை மையநோக்கு விசையோடு (வளைந்து செல்லும் பொருளை வளைவின் மையத்தை நோக்கித் திருப்பும் விசை) குழப்பிக்கொள்வோர் நிறையப் பேர். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸைத் திருப்புவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. அது மையநோக்கு விசை, சரி. ஆனால் இடப்பக்கம் இருந்த மையம் அடுத்த வளைவில் வலப்பக்கம் போய்விடும். மையம் ஊர் மாறினால் அது மைய விசை ஆகாது. அப்புறம், தங்க அணுக்கரு ஆல்பா துகளை விலக்கித் தள்ளுகிறதே (ரூதர்ஃபோர்டு 1911இல் விளக்கியது), அது மைய விசைதான், நோக்குதான் இல்லை.

‘சென்ட்ரல்’ என்பதன் வேர்ச்சொல் கிரேக்கக் ‘கென்ட்ரோன்’. பொருள், மாட்டைக் குத்தும் தார்க்குச்சியின் முனை. பிறகு காம்பஸின் ஊன்றிய முள்ளையும் குறித்தது. இதே சொல்தான் வடமொழி வழியாக நம் ஜாதகக் கட்டத்துக்குள் ‘கேந்திரம்’ ஆக உட்கார்ந்திருக்கிறது!

மைய விசையில் கோண உந்தம் (பொருள் அந்தப் புள்ளியைச் சுற்றும் இயக்கத்தின் அளவு) மாறாது. அதனால் பாதை ஒரே தளத்தில் அமையும். புள்ளியையும் பொருளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும். கெப்ளர் 1609இல் வெளியிட்டது இதைத்தான். பாதையின் வடிவம் வேண்டுமென்றால் பிரெஞ்சுக் கணித அறிஞர் பினேயின் வழி எளிது: நேரத்தை விட்டுவிட்டுக் கோணத்தை எடு, தொலைவுக்குப் பதில் அதன் தலைகீழியை எடு. எதிர் இருமடி விசையில் (ஈர்ப்பு போல, தொலைவு இரட்டித்தால் நான்கில் ஒன்றாகும் விசை) பயமுறுத்தும் சமன்பாடு, ஊசல் போன்ற சீரிசை இயக்கத்தின் சமன்பாட்டோடு ஒரு மாறிலி சேர்ந்ததாகச் சுருங்கிவிடும். விடை கூம்பு வெட்டு, அதாவது கூம்பைத் தளத்தால் வெட்டினால் கிடைக்கும் வளைவு. நீள்வட்டமா, பரவளையமா, அதிபரவளையமா என்பதை மையத்தொலைத்தகவு (வளைவு வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) சொல்லும்.

இங்கே ‘மையம்’ காலை வாரும். கோளின் நீள்வட்டத்தில் சூரியன் இருப்பது மையத்தில் அல்ல, குவியத்தில் (மையத்துக்கு இருபுறமும் உள்ள இரு சிறப்புப் புள்ளிகளில் ஒன்று). சுருள்வில் போலத் தொலைவோடு நேர்விகிதத்தில் கூடும் விசைக்குத்தான் நீள்வட்ட மையமே விசையின் மையம். தப்பிப் போகாமல் சிக்கிய பாதைகள் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்து மூடியே அமைவது எதிர் இருமடி, சுருள்வில் ஆகிய இந்த இரண்டு விசைகளில் மட்டும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்ட்ராண்ட் 1873இல் நிறுவினார்.

‘நடுவிசை’ தனித்தமிழ்தான், ஆனால் நடுத்தர விசை என்று படிக்கவும் இடம் தரும். மைய விசையே இருக்கட்டும். அந்தப் புள்ளியை மட்டும் ‘விசை மையம்’ என்று எழுதினால் குவியத்தோடு சண்டை வராது.