தாளத்துண்டும் டிரம்பெட்டும்: 'கி-ஒகு' ஒலிக்கும் விதம்

டோக்கியோவைச் சேர்ந்த ஹிப் ஹாப் கலைஞர் டிஜே கிரஷ்ஷும், மனோதர்ம ஜாஸில் பெயர்பெற்ற டிரம்பெட் கலைஞர் தோஷினோரி கோண்டோவும் இணைந்து உருவாக்கிய 'கி-ஒகு' என்னும் இசைத்தொகுப்பு 1996-இல் வெளியானது. ஜப்பானிய மொழியில் அத்தலைப்புக்கு 'நினைவு' என்று பொருள். மாறாமல் சுழன்று வரும் தாளத்துண்டும், எந்தத் திசையில் திரும்பும் என்று சொல்லமுடியாத டிரம்பெட்டும் அதில் ஒன்றையொன்று மறைக்காமல் ஒலிக்கின்றன. அதற்குக் கலைஞர்களின் ரசனையோடு ஒலியின் இயல்பும் துணைநிற்கிறது.

ஹிப் ஹாப் தாளத்தின் மூலப்பொருள் பெரும்பாலும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்ட சில நொடித் துண்டுதான். அதைப் பதிந்து வைக்கும் சாம்ப்ளர் கருவி, ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. 1987-இல் வந்த எஸ்பி-1200 என்னும் புகழ்பெற்ற சாம்ப்ளர் நொடிக்கு ஏறத்தாழ 26,000 முறை அளந்தது. அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பதியமுடியாது என்பதால், 13,000 ஹெர்ட்ஸே அதன் உச்சவரம்பு. அதன் நினைவகமோ சுமார் 10 நொடிகளுக்கு மட்டுமே போதும். ஆகவே, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடவேண்டிய தட்டை 45-இல் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைப்பது வழக்கமாயிற்று. 4 நொடித் துண்டு இவ்வாறு 3 நொடிக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். ஆனால் வேகத்தை 1.35 மடங்கு குறைக்கும்போது அந்த உச்சவரம்பும் 9,600 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்குகிறது. அக்கால ஹிப் ஹாப்பில் நாம் விரும்பிக் கேட்கும் அந்த மங்கலான, சற்றே சொரசொரப்பான ஒலி, நினைவகத் தட்டுப்பாடு தந்த கொடை என்றே சொல்லவேண்டும்.

டிரம்பெட்டுக்கு இந்த மங்கல் மிகவும் உகந்தது. அதன் அடிப்படைச் சுரங்கள் ஏறத்தாழ 165 முதல் 930 ஹெர்ட்ஸ் வரை அமைந்திருக்க, அதற்குப் பளபளப்பைத் தரும் மேற்சுரங்கள் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை நீள்கின்றன. மங்கலான தாளத்துண்டிலோ உயர் அதிர்வெண்கள் குறைவு. மேலும், கனத்த முரசொலியும் பாஸ் என்னும் தாழ்சுர ஒலியும் தங்கள் ஆற்றலைப் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே செலவிடுவதால், மேலே டிரம்பெட்டுக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது.

கோண்டோ வாசித்தது மின்னணு டிரம்பெட். ஊதிய ஒலியை மின்குறிகையாக மாற்றி எதிரொலிக் கருவி வழியே அனுப்பினால், அது சிறிது தாமதித்து மீண்டும் வரும். தாமதம் மிகக் குறைவாக இருந்தால் செவி இரண்டையும் ஒரே ஒலியாகக் கொள்ளும். அதிகரித்தால் தனி எதிரொலியாகக் கேட்கும். நிமிடத்துக்கு 80 தட்டு என்ற நிதானமான தாளத்தில் ஒரு தட்டு 750 மில்லிநொடி நீளும். தாமதத்தையும் அதே அளவில் வைத்தால், ஒருமுறை மட்டுமே ஊதப்பட்ட சுரமும் தட்டுக்குத் தட்டு திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் மெலிந்து, தாளத்துக்குள் கரைந்துவிடும்.