‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பவரிடம் என்ன கேட்பது?

தொற்றுநோய் விசாரணையில் இறங்கும்போது முதலில் கைக்கு வருவது நோயாளிகளின் பட்டியல்தான். பெயர், வயது, காய்ச்சல் கண்ட நாள், யாரோடு இருந்தார் என்று எழுதிக்கொண்டே வந்தால், எங்காவது ஓரிடத்தில் சங்கிலி அறுந்து நிற்கும். ஐந்தாமவருக்கும் ஆறாமவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. ஆனால் இருவரையும் வெவ்வேறு நாள்களில் சந்தித்த ஒருவர் இருப்பார். காய்ச்சலே வராததால் அவர் பட்டியலில் இருக்கமாட்டார். இந்த வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, நான் முதலில் தேடுவது அந்த இடைவெளியைத்தான்.

இந்தத் தேடலின் பழைய உதாரணம் மேரி மலான் என்ற சமையல்காரர். 1906 கோடையில் நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பேயில் ஒரு வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. விசாரிக்க வந்த சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பர், நோய் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு அங்கே வேலைக்குச் சேர்ந்து பிறகு விலகிப்போன சமையல்காரரைக் கண்டறிந்து, அவர் முன்பு வேலை பார்த்த வீடுகளிலும் டைபாய்டு தலைகாட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். மேரியோ திடமாக நடமாடிக்கொண்டிருந்தார். முதல் சந்திப்பிலேயே இரத்தம், சிறுநீர், மலம் மூன்றையும் கேட்ட சோப்பரை அவர் முள்கரண்டியோடு விரட்டியதில் எனக்கு வியப்பில்லை. 1907இல் ஒரு தீவில் தனிமைப்படுத்தப்பட்ட அவரை, இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விடுவித்தார்கள். அவர் சமையலுக்கே திரும்பினார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு வந்தபோது மறுபடி பிடிபட்டு, 1938இல் இறக்கும்வரை அதே தீவிலேயே வைக்கப்பட்டார். பிழைக்கத் தெரிந்த ஒரே தொழிலைப் பறித்துவிட்டு, அதற்கு ஈடான வருமானத்துக்கு வழி செய்யாமல் விட்டதுதான் அந்தக் கதையின் பெரிய தவறு என்பது என் கருத்து.

டைபாய்டு வந்தவர்களில் 100க்கு 2 முதல் 5 பேர் வரை, குணமான பிறகும் பித்தப்பையில் கிருமியைச் சுமக்கிறார்கள். அது தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை. ஆகவே ஒரு மாதிரியில் கிருமி இல்லை என்பதை வைத்து யாரையும் விடுவிக்க முடியாது. போலியோவின் கணக்கு இன்னும் கடுமையானது: தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் முடங்குகிறது. முடங்காதவர்களின் மலத்திலும் வைரஸ் வெளியேறும்; எனவேதான் சாக்கடைநீரைச் சோதிக்கிறோம். 2013இல் ஒருவர்கூட முடங்காத நிலையில் இஸ்ரேலின் கழிவுநீரில் காட்டுவகைப் போலியோ வைரஸ் (தடுப்பு மருந்திலிருந்து வந்ததல்லாத, இயற்கையானது) சிக்கியது.

அறிகுறி இல்லாத எல்லோரையும் சோதித்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1000 பேரில் 10 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். தொற்று உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையும், இல்லாதவர்களில் 98 விழுக்காட்டினரையும் சரியாகச் சொல்லும் நல்ல சோதனைகூட, 9 பேரைப் பிடிக்கும்போது தொற்றே இல்லாத சுமார் 20 பேரையும் சேர்த்துப் பிடிக்கும், ஒருவரைத் தப்பவிடும். அந்த ஒருவர் ‘நெகட்டிவ்’ சீட்டோடு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். தொற்றிய மறுநாளே சோதித்தால், நோயரும்பு காலம் (கிருமி நுழைந்ததிலிருந்து நோய் வெளிப்படும்வரையான நாள்கள்) முடியாததால் தப்புகிறவர்கள் இன்னும் பெருகுவார்கள். யாரை, எந்த நாளில் சோதிப்பது என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும்.

ஒருமுறை, ஒரே கூடத்தில் வேலை பார்த்தவர்களிடையே பரவிய காய்ச்சலை விசாரித்தபோது, ஒருவர் மூன்று முறையும் “எனக்கு ஒன்றுமில்லை, டாக்டர்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. “அந்த வாரத்தில் மாத்திரை ஏதாவது போட்டீர்களா?” என்று கேட்டதும் சற்று யோசித்து, “உடம்பு வலிக்கு ஒன்று போட்டேன், மறுநாளே சரியாகிவிட்டது” என்றார். நாள்காட்டியில் பார்த்தால், அது முதல் நோயாளிக்குக் காய்ச்சல் கண்டதற்கு நான்கு நாள் முந்தையது. “அப்போ என்னால்தான் வந்ததா?” என்று அவர் கேட்டபோது, “உங்களுக்கும் யாரோ கொடுத்ததுதான், அவரைத் தேட நீங்கள்தான் உதவ வேண்டும்” என்றேன். அதன் பிறகுதான் அவர் தான் போய்வந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

அந்த விசாரணைக்குப் பின் எங்கள் படிவத்தின் வரிசையை மாற்றினோம். எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது முதலில் வருகிறது. மாத்திரை, விடுப்பு, தூக்கக் குறைவு பற்றிய கேள்விகள் அடுத்து வருகின்றன. ‘அறிகுறி உண்டா?’ என்ற கேள்வி இப்போது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.