‘ங்கா’ என்றால் திரும்பிப் பார்க்க ஓர் ஆள்

தக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டில் நாலு மாதக் குழந்தை. காலையில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தித் தேங்காயெண்ணெய் தேய்ப்பார். பிள்ளை "ங்கா" என்னும். "என்ன மக்களே, குளிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார். மறுபடி ஒரு "ங்கா" வந்த பிறகுதான் அடுத்த பேச்சு.

மூளை வளர்வது இப்படித்தான். முதல் சில ஆண்டுகளில் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு மேல் இணைப்புகள் உண்டாகின்றன. புழங்குகிற இணைப்பு உறுதிப்படும், புழங்காதது கழிந்துபோகும். குழந்தை கூப்பிட, ஒருவர் பதில் சொல்ல, அதுதான் அந்தப் புழக்கம்.

ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கும் காப்பகத்தில் அறுந்துபோவது இதுதான். ஆயாக்களுக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் தலையில் பத்துப் பிள்ளைகள் விழுந்தால், பால் புட்டியைத் துணிச்சுருட்டில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்கு ஓடத்தான் முடியும். ஷிப்டு மாறினால் முகமும் மாறும். அழுதும் ஆள் வராது என்று பழகிய குழந்தை அழுவதையே விட்டுவிடும். தொட்டில்கள் நிறைந்த அறை சத்தமில்லாமல் கிடந்தால், சமத்துப் பிள்ளைகள் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது, லட்சத்துக்கு மேல் குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தது வெளியே தெரிந்தது. பின்னர் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற ஆய்வாளர்கள் மூவரும் தலைநகர் புகாரெஸ்ட் விடுதிகளில் 136 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் உயரமும் எடையும் நன்றாக ஏறின. தலைச்சுற்றளவு அப்படி ஏறவில்லை. சோறு இருந்தும் உடம்பு வளராமல் நிற்கும் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் ஓயாத மன அழுத்தம் வளர்ச்சி ஹார்மோனையே மட்டுப்படுத்திவிடும். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களின் மூளை மின்னலைகள், எட்டு வயதில், வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளுடையதைப் போல இருந்தன. பிந்திப் போனவர்களுக்கு அந்த அளவு மீட்சி இல்லை. ஒரு வயதுப் பிள்ளையைத் தத்துக் காகிதத்துக்காக ஆறு மாதம் காக்க வைத்தால், அது வாழ்ந்த காலத்தில் பாதி.

சரி, குடும்பம் கிடைக்கும்வரை? அதே நாலு தொட்டிலுக்கு அதே இரண்டு ஆயாக்கள் வருகிற மாதிரி டியூட்டி போடலாம். பாலை மடியில் வைத்துக் கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் காப்பகத்தில் சாப்பாடு போடுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த முறை, அந்தப் பணம் கூடுதலாக ஓர் ஆயாவின் சம்பளத்துக்கு உதவுமா என்று கேட்டுப் பாருங்கள்.