வெள்ளைக்கோடு எலும்பைக் காக்காது

புதுச்சேரியில் எலும்பு முறிவு அறுவை மருத்துவராக இருக்கும் எனக்கு, மிதிவண்டியில் வந்து அடிபட்டவரின் எக்ஸ்ரே படமே நடந்ததைப் பாதி சொல்லிவிடும். நிறுத்தியிருந்த காரின் கதவு திடீரெனத் திறக்க, அதில் மோதிக் கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டோ காறை எலும்போ முறிந்திருக்கும். ஓரத்தில் நிற்கும் வண்டிகளைச் சுற்றிப் போக நடுச்சாலைப் பக்கம் விலகி, பின்னால் வந்த வாகனம் இடித்தவருக்கோ கீழ்க்கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு நிற்கும். முத்தியால்பேட்டையிலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் கடைக்கு வந்துகொண்டிருந்த தையல்காரர் ஒருவருக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. எலும்பு கூடிய பிறகும் ஆறு மாதம் அவரால் தையல் இயந்திரத்தை மிதிக்க முடியவில்லை.

அவர் தலைக்கவசம் அணிந்திருந்தாலும் கால் தப்பியிருக்காது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வாகனம், 30 கிலோமீட்டரில் வரும் அதே வாகனத்தைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலோடு இடிக்கிறது. காமராஜர் சாலை போன்ற பரபரப்பான சாலையில் மிதிவண்டியையும் பேருந்தையும் ஒரே தளத்தில் ஓடவிட்டு, இருவரும் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்வது போதாது. மிதிவண்டிக்குத் தனிப் பாதையும், அதை மற்ற வாகனங்களிடமிருந்து பிரிக்கும் கான்கிரீட் விளிம்பும் வேண்டும். வெறும் வெள்ளைக்கோடு போட்டால், கடை திறந்த சிறிது நேரத்தில் அதன்மேல் இருசக்கர வாகனங்கள் வரிசைகட்டி நின்றுவிடும். மிதிவண்டிக்காரர் பழையபடி நடுச்சாலைக்குத் தள்ளப்படுவார். பாதையைச் சந்திப்புக்கு முன்பே நிறுத்திவிடுவதும் தவறு, ஏனெனில் திரும்பும் வாகனங்களால் அடிபடுவது அங்கேதான். மழைக்குப் பின் தேங்கும் மணலை வாரிப் பராமரிப்பதும் இதில் சேர்த்தியே.

நெரிசல் கூடும், வண்டி நிறுத்த இடம் போகும் என்று வணிகர்கள் அஞ்சுவதை நான் அலட்சியப்படுத்தவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணமும் நெரிசலைக் காரணம் காட்டித்தான், டொராண்டோவின் மூன்று முதன்மைச் சாலைகளில் இருந்த பிரிக்கப்பட்ட மிதிவண்டிப் பாதைகளை அகற்ற 2024-இல் சட்டம் இயற்றியது. சான்றுகளை ஆராய்ந்த அம்மாகாண நீதிமன்றம், அகற்றுவதால் நெரிசல் குறையும் என்பது நிறுவப்படவில்லை, உயிராபத்துதான் கூடும் என்று கண்டு, அகற்றுவது அரசியலமைப்புக்கு முரணானது என 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. சரக்கு இறக்குவதற்குக் காலை நேரத்தையும் குறுக்குத் தெருக்களையும் ஒதுக்கலாம்; உடைந்த காலுக்கு அப்படி மாற்று ஏற்பாடு கிடையாது.

மாலையில் கடற்கரைச் சாலையில் மோட்டார் வாகனங்களுக்குத் தடை தொடங்கியதும், குழந்தைகள் எவ்வளவு அச்சமின்றி மிதிவண்டி ஓட்டுகிறார்கள் என்பதை நாம் பார்க்கிறோம். அரசு தந்த மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் மாணவிக்குக் காலை எட்டரை மணிக்கும் அந்த நிம்மதி வேண்டும். உங்கள் தெருவை அடுத்து எப்போது புதுப்பித்தாலும், விளிம்போடு கூடிய பாதையை வரைபடத்திலேயே சேர்க்கும்படி நகராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் எழுதுங்கள். எங்கே, எவ்வாறு அடிபட்டார்கள் என்ற விவரத்தை, நோயாளிகளின் ஒப்புதலோடு, பெயர் நீக்கி நானும் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.